எங்கள் பள்ளிக்குக் கணக்கு குரூப் வந்த கதை

கட்டி வைத்திருந்த அத்தனை விடைத்தாள்களிலும் ஒரே வளைவு. பத்தாம் வகுப்பின் கடைசி செக்ஷன் எழுதிய கணக்குத் திருப்புதல் தேர்வு அது. வரைபடக் கேள்விக்கு நான் கொடுத்திருந்தது ஒரு சமன்பாடு. பிள்ளைகள் வரைந்து வைத்திருந்தது வேறொரு சமன்பாட்டின் படம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதும் இல்லை. அவர்கள் கையில் கொடுத்திருந்த கையேட்டில் இருந்ததே ஒரு வரைபடம்தான். அதை வருடம் முழுக்க வாசல் கோலம்போலப் போட்டுப் போட்டுப் பழகியிருந்தார்கள். கேள்வி எதுவாக இருந்தால் என்ன, கோலம் அதுதானே. அச்சுக்கோடு, அளவுத்திட்டம், அம்புக்குறி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. சமன்பாட்டுக்கும் படத்துக்கும்தான் எந்த உறவும் இல்லை.

ஆசிரியர் அறையில் அந்தத் தாள்கள் கை மாறின. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது பிறவிக் குணம். போத்தனூரில் எங்கள் வீடு ரயில்வே லைனை ஒட்டி இருக்கிறது. ரயில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குடும்பம் என்பதால் என் கோபம் கொஞ்சம் உரக்கவே வெளியே வரும். "சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது? நாம சொல்லிக் குடுத்ததத்தானே எழுதிருக்குதுக?" என்று கத்திவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியாட்களுக்கு இது புரிய, எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவோம். படிக்கிறவர்கள் முதல் செக்ஷன், ‘மெல்லக் கற்போர்’ கடைசி செக்ஷன். மெல்லக் கற்போருக்குப் புத்தகம் கிடையாது, ஒல்லியான ஒரு ஜெராக்ஸ் கையேடு உண்டு. ‘மினிமம் மெட்டீரியல்’ என்று அதற்குப் பெயர். ஒரு வரைபடம், ஒரு வடிவியல் வரைதல், சில ஒரு மார்க் கேள்விகள். இவ்வளவையும் உருப்போட்டால் பாஸ். பிள்ளையும் பாஸ், பள்ளியும் பாஸ். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் நல்லது செய்வதாகவே நினைத்துச் செய்தார்கள். அதனால்தான் அதை எதிர்த்துப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

எங்கள் பள்ளி மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பெரியநாயக்கன்பாளையம் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் ஃபவுண்டரி, லேத் பட்டறை, மோட்டார் பம்பு செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். இப்போது அவர்களோடு ஃபவுண்டரி வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியாக ஆன பிறகும் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியலும் தொழிற்பிரிவும் மட்டுமே இருந்தன. கணக்கும் இயற்பியலும் சேர்ந்த குரூப் கிடையாது. "நம்ம புள்ளைகளுக்கு எதுக்குங்க அது?" என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்த பதில். அந்த ‘நம்ம’வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த விடைத்தாள் விவகாரம் நடந்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. புத்தகத்தைக் கன்னத்தோடு ஒட்டிவைத்தால்தான் எழுத்து தெரியும். வரைபடத் தாளின் பச்சைக் கோடுகள் அவளுக்கு அறவே தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படம் வரையும் கேள்விகளிலிருந்து சலுகை உண்டு, பதிலுக்கு வேறு கேள்வி எழுதிக்கொள்ளலாம். அதனால் படம் வரையும் பாடவேளைகளில் எல்லாம் அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பெயர் சலுகை.

"மிஸ், நான் பதினொண்ணுல கணக்கு குரூப் எடுக்கோணுமுங்க" என்றாள்.

"நம்ம ஸ்கூல்ல அது இல்லையே கண்ணு."

"தெரியுமுங்க மிஸ். அதான் உங்ககிட்டச் சொல்ல வந்தனுங்க."

இல்லாததைக் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். அவளுடைய அம்மாவிடம் பேசினேன். பம்பு கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை அவருக்கு. "ஏனுங்க டீச்சர், டவுன் ஸ்கூலுக்கு ரெண்டு பஸ்ஸு மாறோணும். மெயின் ரோட்டத் தாண்டோணும். ஒருக்கா லாரிக்காரன் ஒரு மயிரிழையில போனானுங்க. நான் அனுப்ப மாட்டனுங்க. இங்க இருக்கறதப் படிக்கட்டும், இல்லாட்டி ஊட்டுல இருக்கட்டும்." அந்தப் பெண் கணக்குப் படிக்க வேண்டுமென்றால் குரூப் எங்கள் பள்ளிக்கே வந்தாக வேண்டும். கைவசம் ஒரே ஒரு கல்வியாண்டுதான் இருந்தது.

தலைமையாசிரியரிடம் போனேன். வரலாறு படித்தவர், நிதானமானவர். எதற்கும் "பாத்துப் பண்ணுங்க டீச்சர்" என்பார். இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறையக் கூடாது. அடுத்த வருடம் ஜூனில் பதினைந்து பேராவது கணக்கு குரூப் கேட்டு வந்து நிற்க வேண்டும். "மேல எழுதிக் கேக்கறது என்ற பொறுப்புங்க. ஆனா ஆளில்லாம குரூப்ப வாங்கி நான் என்ன பண்றதுங்க?" என்றார். முதல் செக்ஷனை மட்டும் நம்பினால் பதினைந்து தேறாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கோடை விடுமுறையில் நானும் எங்கள் அறிவியல் ஆசிரியரும் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தோம். அவர் என்னைவிட வயதில் சின்னவர், பொறுமையில் என்னைவிடப் பல மடங்கு பெரியவர். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பேனாவைத் திறப்பார். பாடப்புத்தகம் அரசாங்கத்துடையது, அதை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் எதை முதலில் எடுப்பது, யாரை யாரோடு உட்கார வைப்பது, பிள்ளைகளிடம் என்ன கேள்வி கேட்பது என்பதெல்லாம் எங்கள் கையில்தான் இருந்தன. அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்தோம். மிக நீண்ட தூரம் போகலாம் என்று தெரிந்ததும் எங்களுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

முதலில் செக்ஷன் பிரிப்பதை நிறுத்தினோம். கையேட்டை மூட்டை கட்டினோம். ஒவ்வொரு பாடத்தையும், எந்தப் பிள்ளையும் கை வைக்கக்கூடிய ஓர் இடத்தில் தொடங்கி, புத்தகம் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படி மேலே கொண்டுபோய் முடிப்பது என்று எழுதிக்கொண்டோம். இதில் எளிய பாதி சிலருக்கு, கடினமான பாதி சிலருக்கு என்ற பேச்சே கிடையாது. மெதுவாக வருகிறவர் மெதுவாக வரட்டும், ஆனால் அங்கே வந்தே தீர வேண்டும். மின்சாரப் பாடத்தை அறிவியல் ஆசிரியர் வரையறையிலிருந்து தொடங்காமல் பழைய பம்பு மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டுத் தொடங்கினார். தமிழ் சரளமாக வராத வடக்குப் பிள்ளைகள், முதலில் தங்கள் மொழியில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு தமிழில் எழுதலாம் என்று வைத்தோம். பக்கத்துப் பிள்ளைக்கு அந்த மொழி தெரியாதே என்று அவர் கேட்டார். தெரியாததால்தான் கையைக் காலை ஆட்டி, படம் போட்டு, உயிரைக் கொடுத்து விளக்குவார்கள் என்றேன். அப்படியேதான் நடந்தது.

வரைபடப் பாடம் வந்தபோது அந்தப் பெண்ணுக்காக ஒரு பலகை செய்தேன். தெர்மாகோல் அட்டையில் நூலைக் கட்டம் கட்டமாக இழுத்து, அச்சுக்கோடுகளுக்குச் சணலை ஒட்டினேன். புள்ளிகளுக்குக் குண்டூசி. வளைவுக்குத்தான் எதுவும் சரிப்படவில்லை. நூல் தொய்ந்துபோனது, ஒயர் மறுபடி நிமிர்ந்துகொண்டது. அவள் தன் அம்மாவிடம் சொல்லி, கம்பெனியில் மிச்சமான தடித்த செம்புக் கம்பித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். வளைத்தால் வளைந்தபடியே நின்றது.

எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் நாலு எக்ஸ் கூட்டல் மூன்று. வகுப்பு புள்ளிகளைக் கணக்கிட்டுச் சொல்ல, அவள் கட்டங்களை விரலால் எண்ணிக் குண்டூசி குத்தினாள். ஊசிகளை ஒட்டிக் கம்பியை வளைத்தோம். கம்பி சணலை இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டு போனது, ஒன்றிலும் மூன்றிலும். அதுதான் விடை. அடுத்த சமன்பாட்டில் மூன்றுக்குப் பதில் நாலு. புதுப் புள்ளிகளைக் குத்தி முடித்தபோது நான் இன்னொரு கம்பித் துண்டை எடுத்தேன்.

"வேற கம்பி எதுக்குங்க மிஸ்?" என்றாள். ஊசிகளின் மேல் அவள் விரல்கள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. "இதையே ஒரு கட்டம் மேல தூக்கி வெச்சாப் போதுமுங்க."

தூக்கி வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது கம்பி சணலை ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு நின்றது. நாலை ஐந்தாக்கி இன்னும் ஒரு கட்டம் தூக்கினோம். தொடவே இல்லை. வகுப்பு முழுக்க எழுந்து பலகையைச் சூழ்ந்துகொண்டது. எல்லோருக்கும் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேறு வேறு சமன்பாடுகள் கொடுத்தேன். இடப்பக்கம் நகர்ந்தது, கீழே இறங்கியது. கம்பி மட்டும் அதே கம்பி.

ஒன்பதாம் வகுப்பில் கடைசி செக்ஷனில் இருந்த பெண் ஒருத்தி, சத்தம் போடுவதில் பள்ளியிலேயே முதல் ஆள். அவள்தான் கேட்டாள். "அப்ப எல்லாக் கணக்குக்கும் ஒரே வளைவுதானுங்களா மிஸ்?"

"எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால வேற நம்பர் வராத வரைக்கும், ஆமா."

"அப்பப் போன வருசத்து அக்காங்க போட்டது தப்பில்லையே மிஸ்! எடத்தத்தானுங்க மாத்தி வெச்சுப்போட்டாங்க!"

அந்தத் தாள்களின் கதை பள்ளி முழுக்கப் பரவியிருந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது சரி. வளைவு சரியாகவே இருந்தது, இருக்க வேண்டிய இடம்தான் வேறு. கம்பி நகரும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். மேல் வகுப்புகளில் வர வேண்டிய பாடம் அது. பத்தாம் வகுப்பில், மெல்லக் கற்பவள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருத்தியும் படம் வேண்டாம் என்று ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட ஒருத்தியும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உட்காரவே மனம் வரவில்லை. சீட் காலியாக இருந்தும் போத்தனூர்வரை நின்றுகொண்டே போனேன்.

அரையாண்டுத் தேர்வில் அடி விழுந்தது. கையேடு வைத்திருந்தால் பாஸ் ஆகியிருக்கக்கூடிய சில பிள்ளைகள் ஃபெயில். புதிதாக யோசிக்கக் கற்றவர்களுக்கு நேரம் போதவில்லை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஜனவரியிலிருந்து பிரிச்சுப்போடலாமுங்க டீச்சர். பப்ளிக் வரைக்கும் பழைய மெட்டீரியலே போதும்" என்றார்.

கத்தினேன். நடு முற்றம்வரை கேட்டிருக்கும். அவர் முகம் வாடிப்போனது. "பாஸ் போச்சுன்னா பதில் சொல்றது நானுங்க. புள்ளைக ஃபெயிலாகி ஊட்டுல உக்காந்தா அதையும் பாக்கோணுமுல்லங்க?" என்றார். அவர் பயந்தது தனக்காக மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. அறிவியல் ஆசிரியர் என் பக்கத்தில் நின்று, நான் மூச்சு வாங்கும் இடைவெளிக்காகக் காத்திருந்து சொன்னார்: "சார், ஒரு பீரியடு மட்டும் வந்து உக்காந்து பாருங்க. அப்பறம் நீங்க சொல்றபடி செஞ்சுபோடலாம்."

வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பார்வை குறைந்த அந்தப் பெண் பலகையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, "நீங்களே நகத்துங்க சார்" என்று கம்பியைக் கையில் கொடுத்தாள். அவர் கூச்சத்தோடு நகர்த்தினார். மேலே தூக்கினார். "இப்பத் தொடவே இல்லையே, இதுக்கு என்ன விடை?" என்றார். அவரைச் சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "மெய்யான தீர்வு இல்லீங்க சார்!" என்றார்கள். "அப்பப் பொய்யான தீர்வு இருக்குதா?" என்று அவர் கிண்டலாகக் கேட்டார். "அது பெரிய கிளாஸ்ல இருக்குதாமுங்க. மிஸ் சொன்னாங்க. கணக்கு குரூப் வந்தாத்தானுங்க தெரியும்" என்றாள் அந்தச் சத்தக்காரி. அவர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "பிரிக்க வேண்டாமுங்க. ஆனா டைம் வெச்சு எழுதப் பழக்குங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் நியாயம் இருந்தது. அதன்படியே செய்தோம்.

பொதுத்தேர்வில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு தமிழாசிரியை வந்திருந்தார். கணக்குத் தேர்வு முடிந்ததும் அவர் என்னைத் தேடிப் பிடித்துவிட்டார். "என்னங்க புள்ளைய இப்பிடி வளத்து வெச்சிருக்கறீங்க? படம் உனக்கு வேண்டாம் கண்ணு, வேற கேள்வி எழுதிக்கலாம்னு நானும் சொல்றேன். இல்லீங்க, எனக்குப் படமே வேணுமுங்கங்குறா. வலப்பக்கம் ரெண்டு கட்டம், கீழ ஒரு கட்டம், புள்ளி வைங்கங்குறா. நான் கணக்க விட்டு எத்தன வருசமாச்சு! நான் தயங்கித் தயங்கி வெக்கறேன், அவ எனக்குத் தைரியம் சொல்றா. கடைசில வளைவு வந்துருச்சுங்க. நானே போட்டதாட்டம் எனக்கு அத்தன சந்தோசம்." அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தேர்ச்சி குறையவில்லை. முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. தலைமையாசிரியர் சொன்னபடியே மேலே எழுதிக் கேட்டு அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். மிச்சம் இருந்தது பதினைந்து பேர்.

சேர்க்கை நாளில் அந்தப் பெண்ணும் அம்மாவும் பள்ளி திறப்பதற்கு முன்பே வந்து அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளைத் தனியார் பள்ளிகள் ஃபீஸ் சலுகை கொடுத்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தன. வந்தவர்கள் பலரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் வந்தார்கள். நான் யாரைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தேனோ அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். உச்சி வெயில் ஏறும்போது கணக்கு குரூப்புக்குச் சேர்ந்தவர்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. "பாப்பமுங்க டீச்சர், இல்லாட்டி காமர்ஸே போட்டுருங்க" என்று மட்டும் சொன்னார். மகளோ, வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் கடைசி செக்ஷனில் இருந்த கூட்டம். லீவுக்குப் பட்டறைக்கும் பேக்கரிக்கும் வேலைக்குப் போனவர்கள், சாப்பாட்டு இடைவேளையில் அனுமதி கேட்டு, அப்பாவையோ அம்மாவையோ இழுத்துக்கொண்டு அப்படியே வந்திருந்தார்கள். ஒருவன் சட்டையில் கிரீஸ் இருந்தது. வடக்குப் பிள்ளைகள் இருவர் ஃபவுண்டரிச் சீருடையோடு வந்த அப்பாக்களுடன் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்தச் சத்தக்காரி.

அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் கேட்டார். "ஏன் அம்மணி, அக்கவுண்ட்ஸ் எடுத்தா உனக்கு ஈசியா இருக்குமே. எதுக்குக் கணக்கு?"

வழக்கமான சத்தம் அவளிடம் இல்லை. அவரை நேராகப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்குக் கணக்கு வருமுங்க சார்."

இத்தனை வருட வேலையில், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் நின்ற ஒருவன், "எனக்கும் வருமுங்க" என்றான். இன்னொருத்தியும் சொன்னாள். பெருமை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாரையாவது கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியர் மெல்ல ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

தலைமையாசிரியர் பெயர்களை எழுதி முடித்து ஒருமுறை எண்ணினார். நம்பாமல் இன்னொருமுறை எண்ணினார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கே வந்து, அந்தப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்.

"எந்திரிச்சு வா கண்ணு. உன்ற குரூப்பு வந்துருச்சு."

அவளுக்கு முன்னால் அவளுடைய அம்மா எழுந்துவிட்டார்.